சாம்பலும் சுண்ணாம்பும்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கட்டுவேலைக்கும் பூச்சுக்கும் ஆகும் கலவையில் ஆலைக் கழிவுகளையும் எடை குறைந்த சல்லிகளையும் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறோம். பதில்களில் வரும் ‘பெட்டி’ என்பது உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் கொண்ட மரப்பெட்டி அல்லது தகரப்பெட்டி. அதில் 35 லிட்டர் பிடிக்கும். ஒரு மூட்டை சிமென்டின் அளவும் அதுதான். சட்டிக் கணக்கில் அளக்காதீர்கள். குவித்து அள்ளினால் ஓர் அளவு, தலைதட்டி அள்ளினால் வேறு அளவு. கீழே சொல்லும் விகிதங்கள் எதுவும் அதில் நிற்காது.

காரைக்குடி வாசகர்: சிமென்டில் ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலந்தால் செலவும் குறையும், விரிசலும் குறையும் என்கிறார் மேஸ்திரி. ‘சாம்பல் போட்ட பூச்சு மாவாக உதிரும்’ என்கிறார் கொத்தனார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். முதலில் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். கடையில் ‘சிமென்ட்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. எனப்படும் போர்ட்லேண்ட் பொஸலானா சிமென்ட். அதில் ஆலையிலேயே ஃப்ளை ஆஷ் சேர்த்துத்தான் அரைத்திருக்கிறார்கள். ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரநிர்ணயப்படி அந்த அளவு 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். எத்தனை சதவீதம் என்பது மூட்டையிலேயே அச்சாகியிருக்கும். 30 சதவீதம் உள்ள மூட்டையில் நீங்கள் இன்னும் 20 சதவீதம் கொட்டினால் கொத்தனார் சொன்னபடி பூச்சு உதிரத்தான் செய்யும். பி.பி.சி. வாங்குகிறவர்கள் ஏற்கெனவே சாம்பல் கலவையைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேற்கொண்டு எதுவும் சேர்க்க வேண்டாம்.

நீங்களே கலப்பதானால் சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டான ஓ.பி.சி. 43 அல்லது 53 கிரேடு மூட்டை வாங்குங்கள். 50 கிலோ மூட்டைக்கு 12.5 கிலோ ஃப்ளை ஆஷ். அதாவது, பசைப்பொருள் மொத்தத்தில் 20 சதவீதம் சாம்பல். இதற்கு மணல் 6 பெட்டி. சிமென்ட் 1, மணல் 5 என்ற சாதாரணக் கலவைக்கு இது ஈடு. சாம்பலைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், வாளியால் அளக்காதீர்கள். சாம்பல் சிமென்டைவிட இலேசு. லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோதான் வரும். ‘சிமென்டில் கால் பங்கு’ என்று கண்ணளவில் போட்டால் கணக்கு பிசகும். முதலில் சிமென்டையும் சாம்பலையும் உலர்வாகவே நிறம் ஒன்றாகும் வரை புரட்டி, அதன்பிறகு மணலோடு சேருங்கள். சாம்பல் துகள்கள் உருண்டையானவை, கலவை வழுக்கிக்கொண்டு வரும். அதனால் வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் கொஞ்சத்தை நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் சேர்த்த கலவையை 2 மணி நேரத்துக்குள் பூசி முடித்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் தெளித்து மறுபடி இளக்கக் கூடாது.

சாம்பல் தானாக இறுகாது. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் வெளியே வரும். சாம்பலில் உள்ள கண்ணாடி போன்ற சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, சிமென்ட் தருகிற அதே பசையை மெதுவாக உண்டாக்கும். இது வாரக்கணக்கில் நடக்கிற வேலை, ஈரம் இருந்தால் மட்டுமே நடக்கும். 7-ஆம் நாளில் சாம்பல் கலவை சாதாரணக் கலவையைவிடப் பலம் குறைந்தே இருக்கும். 28 நாளுக்குப் பிறகு எட்டிப்பிடிக்கும், 90 நாளில் முந்தவும் கூடும். காரைக்குடிச் சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு விட்டால் சாம்பல் வெறும் தூளாகச் சுவரில் கிடக்கும். குறைந்தது 10 நாள், கோடையில் 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். சணல் சாக்கைத் தொங்கவிட்டு நனைப்பது, ஹோஸில் பீய்ச்சி அடிப்பதைவிட நல்லது.

இனி சாம்பலைப் பற்றி. மின்நிலையங்களில் உலர்வாகப் பிடிக்கும் சாம்பல்தான் வேண்டும். குளத்தில் கரைத்துவிட்டு மீண்டும் அள்ளிய சாம்பல் கரகரப்பானது, பசைப்பொருளாக வேலை செய்யாது. தூத்துக்குடியில் நிலக்கரி எரித்துக் கிடைக்கும் சாம்பலில் சிலிக்கா அதிகம், சுண்ணாம்பு குறைவு. மேலே சொன்ன அளவு அதற்குப் பொருந்தும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், சற்று வேகமாக இறுகும்; இரண்டையும் ஒரே வேலையில் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். வாங்குமுன் ஒரு சோதனை: கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு கரண்டி சாம்பலைப் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். மேலே வெண்மையாக மெல்லிய ஏடு மிதந்தால் அது உள்ளே காற்றடைத்த சாம்பல் முத்துகள், கெடுதல் இல்லை. கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு படலம் திரண்டால் எரியாத கரி. அந்தக் கரி தண்ணீரைக் குடிக்கும், பூச்சில் திட்டுத் திட்டாக நிறம் காட்டும். ஐ.எஸ். 3812 தரநிர்ணயம் சூடேற்றும்போது ஏற்படும் எடை இழப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்வது இந்தக் கரியை மனத்தில் வைத்துத்தான்.

கானாடுகாத்தான் வாசகர்: எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்த இடங்களைச் சிமென்ட் வைத்து அடைத்தோம். இரண்டு மழைக்குள் அடைத்த இடத்தைச் சுற்றி நன்றாக இருந்த பழைய பூச்சும் உப்பிப் பெயர்கிறது. இந்த முறை சிமென்டில் சாம்பல் கலந்து மிருதுவாகப் பூசலாமா?

வேண்டாம். உங்கள் சுவருக்குச் சிமென்டே ஆகாது, அதில் எதைக் கலந்தாலும். பெயர்ந்த விளிம்பை உற்றுப் பாருங்கள்: சிமென்ட் திட்டு முழுசாக, கெட்டியாக நிற்கும். அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பழைய சுண்ணாம்பு பொடிந்திருக்கும், அங்கே பஞ்சு போல வெள்ளை உப்பு பூத்திருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடுகிறவை. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. சுவரில் ஏறிய ஈரம் திட்டின் ஓரமாகத் தப்பிக்கப் பார்க்கிறது. தண்ணீர் ஆவியாக, கூட வந்த உப்பு அங்கேயே படிகமாகி விரிந்து, பலம் குறைந்த சுண்ணாம்பை உடைக்கிறது. போதாததற்குச் சிமென்ட் வெயிலில் விரிகிற அளவும் சுண்ணாம்பு விரிகிற அளவும் வேறு.

இங்கேயும் கழிவுக்கு வேலை இருக்கிறது. சுண்ணாம்போடு சேர்கிற கழிவு வேண்டும்: செங்கல் தூள். பழைய கொத்தர்கள் சுர்க்கி என்பது இதைத்தான். உங்கள் பகுதியில் உடைந்த நாட்டு ஓடும் செங்கல் துண்டும் குப்பையாகவே கிடக்கும். ஆனால் எல்லாச் செங்கல்லும் ஆகாது. மிதமான சூட்டில் வெந்த களிமண்தான் சுண்ணாம்போடு பிணைகிறது. சூளையில் அதிகம் வெந்து கறுத்து, கண்ணாடி போல உருகிய கல்லை இடித்துப் போட்டால் அது வெறும் மணல். பச்சைக்கல்லாக வேகாமல் போனதை இடித்தால் அது வெறும் மண். ஒரே சிவப்பாக வெந்த துண்டாகப் பொறுக்கி, சிமென்ட் பூச்சு ஒட்டியதைக் கழித்துவிட்டு, இடித்துச் சலியுங்கள். முகப்பவுடர் போல நைசாக விழுவதுதான் பசைப்பொருள். சலிப்பில் தங்கும் குருணையை மணலோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கல்சுண்ணாம்பை நீற்றும்போது தொட்டியில் தண்ணீரை முதலில் விட்டு, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட்டி அருகே விடாதீர்கள். கொதிப்பு அடங்கியதும் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்க 15 நாளாவது ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் நீறாத துணுக்குகள் பூச்சுக்குள் இருந்துகொண்டு மாதங்கள் கழித்து நீறி, சுவரில் அம்மைக் குழி போலத் தெறிக்கும்.

அடிப்பூச்சுக்கு: ஊறிய சுண்ணாம்பு விழுது 1 பெட்டி, செங்கல் தூள் 1 பெட்டி, சலித்த மணல் 2 பெட்டி. நல்ல செங்கல் தூள் போதிய அளவு கிடைக்காவிட்டால் அதில் பாதிக்கு உலர் ஃப்ளை ஆஷ் போடலாம். சாம்பல் ஆசை உங்களுக்கு இருந்தால் அதற்குரிய இடம் இதுதான். செக்கில் அரைக்க முடிந்தால் அரையுங்கள். கையால் புரட்டுவதைவிடப் பசை பல மடங்கு நன்றாக வரும். சிமென்ட் திட்டைச் சிறு உளியால் கையால் எடுங்கள், மெஷின் வைத்தால் பின்னாலிருக்கும் கல்லும் வரும். உப்பை உலர் பிரஷால் தட்டி அப்புறப்படுத்திய பிறகே சுவரை நனைக்க வேண்டும். முதலிலேயே நனைத்தால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பிப் போகும். ஒரு தடவைக்கு 10 முதல் 12 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பூசி, அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஈரச்சாக்கு நிழல் கட்டாயம்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் கடைசிப் பூச்சில் சாம்பலோ செங்கல் தூளோ வேண்டவே வேண்டாம். அந்த வெண்மைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். வெளிச்சுவர் வேலையைத் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை இறுகாத சுண்ணாம்பைக் கழுவிவிடும், சித்திரை வெயில் அதை வேகமாகக் காயவைத்து வெடிக்கச் செய்யும். இந்த வீடுகளின் பூச்சு நூறு ஆண்டு நின்றதற்குக் காரணம் சுவரும் பூச்சும் ஒரே இனம் என்பது. அதைக் கெடுக்காமல் காப்பாற்ற நீங்கள் எடுக்கும் முயற்சி வீண்போகாது.

தேவகோட்டை வாசகர்: மேற்குச் சுவர் மாலையில் தொட முடியாத சூடு. ‘பெர்லைட் பூச்சு பூசினால் ஏ.சி. தேவையில்லை’ என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? எப்படிக் கலப்பது?

ஏ.சி. தேவையில்லை என்பது மிகை. பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்தெடுத்த வெள்ளைப் பொரி. மாடித் தோட்டத் தொட்டி மண்ணில் கலக்கிறார்களே, அதுதான். பூச்சுக்கு அதில் நைசான ரகம் வேண்டும். 15 மி.மீ. சாதாரணச் சிமென்ட் பூச்சு வெப்பத்தைத் தடுப்பதைவிட 25 மி.மீ. பெர்லைட் பூச்சு ஆறு மடங்கு தடுக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் வெப்பம் கடப்பது பூச்சை மட்டும் அல்ல, 9 அங்குலச் செங்கல் சுவரையும் சேர்த்துத்தான். எல்லாவற்றையும் கூட்டினால் சுவர் வழியே வரும் வெப்பம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். நாலரை அங்குலச் சுவரானால் பலன் இன்னும் தெரியும். பழைய வீடுகளின் கனத்த சுவரில் தெரியவே தெரியாது. மேற்கே ஒரு பந்தலோ மரமோ வைக்க இடம் இருந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

பூசுவதென்று முடிவெடுத்தால்: சிமென்ட் 1, பெர்லைட் 4, கூடவே அரைப் பெட்டி நீர்த்த சுண்ணாம்புத் தூள். பி.பி.சி. போதும். எங்கே கெடுகிறது என்றால் கலக்கும் இடத்தில். வழக்கம்போல மிக்சரில் எல்லாவற்றையும் போட்டுப் பத்து நிமிடம் சுற்றினால் பெர்லைட் நொறுங்கி மாவாகிவிடும். காற்று போய்விட்டால் அது வெறும் தூள். கலவையும் பாதியாக அமுங்கும், ‘அளவு குறைவாகக் கொடுத்துவிட்டார்கள்’ என்று சாமான் கடையோடு சண்டை வரும். முதலில் சிமென்டையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கூழாகக் கரைத்து, அதில் பெர்லைட்டைத் தூவி, மண்வெட்டியால் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் புரட்டுங்கள். பெர்லைட் தண்ணீரைக் குடிக்கும்; ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, கெட்டிப்பட்டிருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

இரண்டு தடவையாக 12, 12 மி.மீ. பூசி, கரணையால் அழுத்தித் தேய்க்காமல் மட்டப்பலகையால் இழுத்து விடுங்கள். வெளிச்சுவரில் இதை அப்படியே விடக் கூடாது, நகத்தால் கீறினாலே வரும். ஒரு வாரம் கழித்து மேலே சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 கலவையில் 6 மி.மீ. தோல் பூச்சு கொடுத்து வெள்ளை அடியுங்கள். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை, குளியலறை, தண்ணீர்த் தொட்டிச் சுவர் ஆகிய இடங்களில் பெர்லைட் வேண்டாம். ஆணி அடிப்பதானால் பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் பிளக் இறங்கும்படி நீள ஸ்க்ரூ வாங்குங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: 1,000 சதுர அடி கான்கிரீட் மாடியில் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போட வேண்டும். அதற்குப் பதிலாக எடை குறைந்த சல்லி போடலாமா? எது உண்மையில் சுற்றுச்சூழலுக்கு நல்லது?

எடையைக் கணக்குப் போட்டால் ஆசை வரும். செங்கல் ஜல்லித் தளம் 75 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ. உங்கள் மாடிக்கு 13 டன். லெக்கா எனப்படும் சுட்ட களிமண் உருண்டையில் அதே கனம் போட்டால் 7 டன். உள்ளே வரும் வெப்பத்திலும் ஏறத்தாழ கால் பங்கு குறையும். சுவரைவிட மாடியில்தான் இந்தச் செலவு பலன் தரும், ஏனென்றால் கான்கிரீட் பலகை தன் பங்குக்குத் தடுப்பது மிகக் குறைவு.

விகிதம்: சிமென்ட் 1, மணல் 1, லெக்கா 6. உருண்டை 4 முதல் 10 மி.மீ. ரகம். உலர்ந்த பின் கன மீட்டருக்கு 1,000 கிலோ அளவில் நிற்கும். உருண்டையை முந்தின நாளே சாக்கோடு தண்ணீரில் அமுக்கி ஊறவைத்து, காலையில் வடியவிட்டு, மேல் ஈரம் மினுங்காத பதத்தில் கலக்க வேண்டும். ஊறாமல் போட்டால் சிமென்ட் இறுகத் தேவையான தண்ணீரை உருண்டை உறிஞ்சிக்கொள்ளும். காலால் மிதித்தால் உருண்டை உருண்டையாகக் கழன்று வரும். தண்ணீர் கூடினால் இதற்கு நேர் எதிர்: உருண்டைகள் மேலே மிதந்து வர, சிமென்ட் பால் அடியில் தங்கும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒழுகக் கூடாது. பரப்பிப் பலகையால் தட்டினால் போதும், வைப்ரேட்டர் வைக்காதீர்கள்.

நீர்ப்பாதுகாப்புப் பூச்சு லெக்காவுக்குக் கீழே, கான்கிரீட்டின் மேல் வர வேண்டும். அதைப் போட்டதும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழே கசிகிறதா என்று பாருங்கள். ஒழுகல் இருந்து அதன்மேல் லெக்கா போட்டுவிட்டால் தளம் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் சொட்டும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது. 100-க்கு 1 வாட்டம் குறையாமல், மேலே 15 மி.மீ. கலவையில் தட்டோடு பதித்து இணைப்புகளை நிரப்புங்கள்.

எது நல்லது என்ற கேள்விக்கு: லெக்கா கழிவு அல்ல. களிமண்ணைச் சுழல் உலையில் ஏறத்தாழ 1,200 டிகிரி சூட்டில் பொரித்துச் செய்கிறார்கள், எரிபொருள் நிறையச் செலவாகும். ஃப்ளை ஆஷை உருட்டிச் சுட்ட சல்லியும் சூளையில்தான் வேகிறது, ஆனாலும் மூலப்பொருள் கழிவு, அதற்கு ஐ.எஸ். 9142-இன் இரண்டாம் பகுதி 2018-இல் வந்திருக்கிறது. லெக்காவை விட எடை கூடுதல். உங்களுக்கு அருகிலேயே நல்ல செங்கல் உடைசல் கிடைத்து, கட்டடம் பாரம் தாங்குமானால், 13 டன் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் எங்கள் கணிப்பில் இன்னும் நல்ல தேர்வுதான். பர்மா தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடிக்கு இந்தச் சிமென்ட்–லெக்கா தளம் எந்த நிலையிலும் வேண்டாம்.

பாய்லரில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் கங்கு மலிவாகக் கிடைக்கிறதென்று அதைப் போடுகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அதில் கந்தகமும் வேகாத கரியும் இருக்கும். கம்பிக்கு எமன்.

புதுவயல் வாசகர்: அரிசி ஆலையில் உமி எரித்த சாம்பல் மலையாகச் சேர்கிறது. கலவையில் போடலாம் என்கிறார்களே?

போடலாம், ஆனால் பாய்லரிலிருந்து வந்தபடி போட முடியாது. 100 டன் நெல் அரைத்தால் 20 டன் உமி. அதை எரித்தால் 4 டன் சாம்பல். அதில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, ஃப்ளை ஆஷில் இருப்பதைவிட அதிகம். ஆனால் அந்தச் சிலிக்கா எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. 500 முதல் 700 டிகிரிக்குள் நிதானமாக எரிந்தால் சுண்ணாம்போடு சேரும் வடிவில் இருக்கும். அதற்கு மேல் வெகுநேரம் வெந்தால் படிகமாகி, மணல் போல ஒன்றும் செய்யாமல் கிடக்கும். நிறமே ஓரளவு காட்டிக்கொடுக்கும்: கறுப்பு என்றால் கரி மிச்சம், சாம்பல் நிறம் நல்லது, வெளிறி இளஞ்சிவப்பு ஓடினால் வெந்து கெட்டது. படிகச் சிலிக்காத் தூள் நுரையீரலைப் பழுதாக்கும். அள்ளுகிற ஆட்களுக்குத் துணி முகமூடி போதாது, தூசி வடிகட்டும் முகமூடி வாங்கிக் கொடுங்கள்.

உமிச்சாம்பல் துகளுக்குள் தேன்கூடு போலத் துளைகள். அரைக்காமல் போட்டால் தண்ணீரை எல்லாம் குடித்துவிடும். சிமென்ட் போல நைசாக அரைத்து, ஓ.பி.சி.யில் 10 சதவீதத்துக்கு மாற்றாகத் தொடங்குங்கள்: 45 கிலோ சிமென்ட், 5 கிலோ சாம்பல். 15-ஐத் தாண்ட வேண்டாம். உங்கள் ஆலையின் சாம்பல் ஒவ்வொரு பருவத்துக்கும் மாறும் என்பதால், விற்க நினைத்தால் முதலில் சோதியுங்கள். சாம்பல் சேர்த்தது ஆறு, சேர்க்காதது ஆறு என 70.6 மி.மீ. பக்கமுள்ள கனசதுரக் கட்டிகள் வார்த்து, 7 நாளில் மூன்று, 28 நாளில் மூன்று என்று உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவில் ஆய்வகம் உள்ள பொறியியல் கல்லூரியில் இதைச் செய்ய முடியும். 28 நாளில் சாம்பல் கட்டி மற்றதற்குச் சமமாகவாவது நிற்கவில்லை என்றால் அந்தச் சாம்பல் வயலுக்குத்தான்.

ஆத்தங்குடி வாசகர்: கைவேலை டைல்ஸில் ஃப்ளை ஆஷ் சேர்த்தால் வெள்ளைச் சிமென்ட் மிச்சமாகுமா?

கண்ணாடியின் மேல் ஊற்றும் வண்ணப் படலத்தில் ஒரு சிட்டிகையும் சேர்க்காதீர்கள், மஞ்சளும் சிவப்பும் மங்கிப்போகும். பின்பக்கம் போடும் ஈரக் கலவையில் சிமென்டில் 15 சதவீதம் வரை மாற்றலாம், அதுவும் ஓ.பி.சி. என்றால் மட்டும். நடுவே தூவும் உலர் சிமென்ட்–மணல் அடுக்கு முன்படலத்தின் உபரித் தண்ணீரை உறிஞ்சத்தான் இருக்கிறது. அதையும் தொட வேண்டாம். சாம்பல் சேர்த்த கல் முதல் நாட்களில் பலம் குறைந்திருக்கும், மூலை உடையும். தொட்டியில் ஊறும் நாட்களை ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்து இன்னொருவர்: ஆற்று மணலுக்குப் பதில் கிரஷர் தூள், காப்பர் ஸ்லாக் இரண்டும் கிடைக்கின்றன. எது பூச்சுக்கு?

இரண்டுமே நேரடியாகப் பூச்சுக்கு இல்லை. கிரஷர் தூளில் மாவு அதிகம். அந்த மாவு தண்ணீர் கேட்கும், அந்தத் தண்ணீர் போனதும் பூச்சு மயிரிழையாக வெடிக்கும். பூச்சுக்கென்றே கல்லை நொறுக்கிச் செய்யும் மணலான பி-சாண்டைக் கழுவியதாக வாங்குங்கள். சந்தேகம் என்றால் ஓர் உயரக் கண்ணாடிக் குப்பியில் பாதி மணல், உப்புத் தண்ணீர் முக்கால் வரை ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணலின் மேல் படியும் நைசான படிவு, மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

தாமிரம் உருக்கும்போது ஒரு டன் உலோகத்துக்கு 2 டன்னுக்கு மேல் வரும் கறுப்புக் கண்ணாடிக் குருணைதான் காப்பர் ஸ்லாக். ஐ.எஸ். 383 தரநிர்ணயம் 2016-இல் கம்பியில்லாத சாதாரண கான்கிரீட்டில் நைசான சல்லிக்கு, அதாவது மணலுக்கு, மாற்றாக 40 சதவீதம் வரை அதை அனுமதித்தது. மணலைவிடக் கனம், தண்ணீரே குடிக்காது. அதனால் கலவையில் தண்ணீர் மேலே கக்கும், கூரையடிப் பூச்சு தொங்கி விழும். தரை டைல்ஸுக்கு அடியில் போடும் படுகைக் கலவையில் மூன்றில் ஒரு பங்கு மணலுக்கு மாற்றாகப் போடுங்கள், நன்றாக நிற்கும். எஃகு ஆலைக் கசடை மட்டும் கலவையில் சேர்க்காதீர்கள்: அதில் நீறாத சுண்ணாம்பு இருந்து ஓர் ஆண்டு கழித்துக்கூடப் பூச்சு தெறிக்கும்.

திருப்பத்தூர் வாசகர்: சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலைக் கசடை இலவசமாகவே கொண்டுவந்து கொட்டுகிறோம் என்கிறார்கள். செங்கல்லிலும் கலவையிலும் சேர்த்தால் பூமிக்கு நல்லதுதானே?

உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறோம், ஆனால் வாங்காதீர்கள். சாயக் கசடில் இருக்கும் உப்பு ஒவ்வொரு மழைக்கும் சுவரில் வெளியே பூக்கும். தோல் கசடில் குரோமியம் இருக்கும். சிமென்டோ சூளைச் சூடோ அதைக் கட்டிப்போட்டதா என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும், கொட்டுகிற லாரிக்காரர் சொல்ல முடியாது. குழந்தைகள் சாய்ந்து விளையாடும் சுவர் இது. அபாயக் கழிவைக் கையாள உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அது போக வேண்டும். எந்தக் கழிவையும் எடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் என்ன இருக்கிறது என்று எழுதிய சோதனைத் தாள் இருக்கிறதா? கலவையில் இது என்ன வேலை செய்யும்? இரண்டாவதற்கு ‘இடத்தை அடைக்கும்’ என்பது மட்டுமே பதிலானால் மணலே போதும்.

கோட்டையூர் வாசகர்: சாம்பல் கலந்த பூச்சு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கரணையின் மரப்பிடியால் ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்று ஒலிக்கும். பூச்சு சுவரை விட்டு விலகிய இடம் வெற்றுப் பானை போல ஒலிக்கும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். உள்ளங்கை அளவுக்குள் இருந்து விரிசலும் இல்லையென்றால் விட்டுவிடலாம். அதைவிடப் பெரிதானால் சதுரமாக வெட்டி எடுத்து, சுவரைக் கொத்தி நனைத்து, அதே கலவையில் அடையுங்கள். பிறகு மூன்று அங்குல ஆணியை எடுத்து, அழுத்தி ஒரு கோடு கிழியுங்கள். வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தால் இறுகிவிட்டது. ஆணி உழுதுகொண்டு போய் மாவு கொட்டினால் ஈரம் போதவில்லை என்று பொருள். இன்னும் பத்து நாள் ஈரச்சாக்குப் போட்டு மறுபடி கீறிப் பாருங்கள். சாம்பல் பிணையாமல் மிச்சம் கிடந்தால் தாமதமாகக் கிடைக்கும் தண்ணீரிலும் ஓரளவு இறுகும். அப்போதும் மாவு கொட்டினால் பெயர்த்தெடுத்துப் பூசுவதைத் தவிர வழியில்லை. அதுவரை பெயின்ட் அடிக்காதீர்கள்.